அந்தி வெளிச்சம் விழும் இடம்

(குறுவளமையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாலைச் சூரியனைப் படம் எடுப்பது பற்றி ஓர் அறிவியல் ஆசிரியர் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். பாடத்தை முடிக்கவே நாள் போதவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் ஒரே மாலைப் பொழுது அறிவியல், கணக்கு, தமிழ், ஓவியம் நான்குக்கும் பாடமாக முடியும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சிவகாசியில் அச்சாகும் காலண்டர்கள் நாடு முழுவதும் போகின்றன. அவற்றில் அஸ்தமனப் படத்துக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. கடற்கரை, சாய்ந்த தென்னை, ஒரு படகு, தண்ணீரெல்லாம் சிவப்பு. அந்தத் தாளை அச்சடிப்பவர்களும் வெட்டி அடுக்குபவர்களும் நம் மாணவர்களின் வீட்டார்தான். ஆனால் அந்தப் படத்தில் நம் ஊர் இருப்பதில்லை.

ஒருமுறை ஏழாம் வகுப்பில், “அழகான இடம் ஒன்றின் பெயர் சொல்லுங்கள்” என்று கேட்டேன். ஊட்டி, கொடைக்கானல், கன்னியாகுமரி, குற்றாலம் என்று வரிசையாக வந்தது. “நம்ம ஊர்ப் பக்கம் ஒன்று சொல்லுங்கப்பா” என்றேன். “நம்ம ஊர்ல என்ன சார் இருக்கு, வெறும் கருவேலங்காடு” என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்ற பெயர்கள் செய்தித்தாளில் வரும் நாளில், பக்கத்தில் என்ன படம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இடிந்த அறை, புகை, ஆம்புலன்ஸ். அந்தச் செய்தி வரத்தான் வேண்டும். அதை மறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு பிள்ளை தன் ஊரை அந்த ஒரு படமாக மட்டுமே பார்த்து வளரக் கூடாது. தினமும் கண் முன்னால் இருக்கும் நிலத்தை நின்று பார்க்க அவனுக்கு ஒரு காரணம் வேண்டும். மாலைச் சூரியன் அந்தக் காரணத்தைச் செலவில்லாமல் தருகிறது.

முதலில் முதுகைக் காட்டுங்கள்

“அஸ்தமனத்தைப் படம் எடுத்து வாருங்கள்” என்று பிள்ளைகளிடம் சொன்னால், முப்பது பேரும் ஒரே படத்தைத்தான் கொண்டுவருவார்கள். நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு, சுற்றிலும் வெளிறிய வானம், கீழே கறுப்பு. கண்ணுக்குத் தெரிந்த நிறம் எதுவும் படத்தில் இருக்காது. காரணம், எல்லோரும் சூரியனைப் படம் எடுக்கிறார்கள். சூரியன் ஒரு விளக்கு. விளக்கு எதைக் காட்டுகிறதோ அதில்தான் படம் இருக்கிறது.

அதனால் நான் மூன்று திசைப் பயிற்சி ஒன்று கொடுக்கிறேன். முதலில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். வெளிச்சம் எதன்மீது விழுகிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளையடித்த சுவர், ஆட்டு மந்தை, விரிந்த பருத்தி எல்லாம் அப்போது மஞ்சள் பூசியது போலத் தெரியும். நிறம் நன்றாக வரும். ஆனால் காட்சி தட்டையாக இருக்கும்.

இரண்டாவதாக, சூரியன் தோள்பக்கம் இருக்கும்படி திரும்ப வேண்டும். இப்போது வெளிச்சம் பக்கவாட்டில் தடவிச் செல்கிறது. மேடு ஒளிரும், பள்ளம் இருளும். வெடித்த கரிசல் மண், பனையின் செதில், பழைய கதவின் மரவரி, பாட்டியின் முகச் சுருக்கம் எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போல எழுந்து நிற்கும். நண்பகலில் இதே மண்ணைப் படம் எடுத்தால் ஒரு கறுப்புப் பரப்பு மட்டுமே கிடைக்கும்.

மூன்றாவதாகத்தான் சூரியன் இருக்கும் பக்கம். அப்போது நிறமும் நுணுக்கமும் போய், உருவங்கள் மட்டும் மிஞ்சும்.

ஒரே இடம், ஒரே நேரம், மூன்று திசை, மூன்று படம். வகுப்பில் அடுக்கி வைத்தால் ஒளியைப் பற்றி அரை மணி நேரம் நாம் பேச வேண்டியதில்லை. பிள்ளைகளே பேசுவார்கள்.

நம் வட்டாரத்தின் மூன்று சிவப்பு

மாலை வெளிச்சம் ஏன் சிவக்கிறது என்பது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் கூடும். ராலே பிரபு 1871இல் இதற்குக் கணக்குக் கொடுத்தார். சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். அதன்படி நீல ஒளி, சிவப்பு ஒளியைப் போலச் சுமார் 6 மடங்கு சிதறுகிறது. சூரியன் தலைக்கு மேலே இருப்பதைவிட, அடிவானத்தைத் தொடும்போது அதன் ஒளி ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். வழியிலேயே நீலமும் பச்சையும் சிதறிப் போக, மிஞ்சுவது சிவப்பும் ஆரஞ்சும்.

இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடம் வேறு எந்த ஊரிலும் இல்லாத உதாரணம் இருக்கிறது. மத்தாப்பின் சிவப்பு ஸ்ட்ரான்சியம் உப்பிலிருந்து வருகிறது என்பது வீட்டுப் பேச்சிலேயே அவர்களுக்குத் தெரியும். அது எரியும்போது புதிதாக உண்டாகும் சிவப்பு. அந்தியின் சிவப்பு மற்ற நிறங்களைக் கழித்தபின் மிஞ்சிய சிவப்பு. காலண்டரில் உள்ள சிவப்போ மூன்றாவது வகை. பழைய காலண்டரின் அஸ்தமனப் படத்தை ஆய்வகக் கைலென்சில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே சிவப்பு மையே இருக்காது; மெஜந்தா, மஞ்சள் புள்ளிகள் நெருங்கி நின்று சிவப்பாகத் தோன்றும். உண்டாக்கிய சிவப்பு, மிஞ்சிய சிவப்பு, தோற்றச் சிவப்பு. மூன்றும் நம் வட்டாரத்திலேயே கிடைக்கின்றன.

தூசி கூடினால் அந்தி இன்னும் சிவக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெரிய தூசித் துகள்கள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேபோல் சிதறடிப்பதால் நிறம் மங்கத்தான் செய்யும். ஆடிக் காற்றில் கரிசல் புழுதி பறக்கும் மாலைகளில் சூரியன் வெளிறிய தட்டாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து வெறித்த மாலைதான் நமக்கு நல்ல மாலை. காற்று கழுவி விட்டது போல இருக்கும். உயரத்தில் மெல்லிய மேகமும் இருந்தால் சூரியன் மறைந்த பிறகும் அது கீழிருந்து ஒளி வாங்கிச் சிவந்து நிற்கும்.

துகளின் அளவு சரியாக அமைந்துவிட்டால் வேறு அதிசயமும் நடக்கும். 1883 ஆகஸ்டு 27ஆம் தேதி கிரகடோவா எரிமலை வெடித்தது. அடுத்த மாதம் சென்னையில் உதிக்கும் சூரியனும் மறையும் சூரியனும் பச்சையாகத் தெரிந்தன. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அந்த ஒளியை நிறமாலைமானியில் ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நிறுவி நடத்தியவரும் அவரே. மாலை வானத்தைக் கவனித்துப் பார்ப்பது நம் மாநிலத்தில் அறிவியலாகவே நடந்திருக்கிறது என்று மாணவர்களிடம் சொல்ல இது போதும்.

எந்த நேரம்?

சூரியன் 10 பாகை உயரத்தில் இருக்கும்போது, அதாவது மறைவதற்குச் சுமார் 40 நிமிடம் முன்பு தொடங்குங்கள். அப்போது நிழல் பொருளின் உயரத்தைப் போல ஐந்தரை மடங்குக்கு மேல் நீளும். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள மாணவியின் நிழல் எட்டரை மீட்டர். பத்தாம் வகுப்பு முக்கோணவியலுக்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டாம்.

அடிவானத்தைத் தொட்ட சூரியன் முழுதும் மறைய நம் ஊரில் 2 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் ஓடி ஓடிப் படம் எடுத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அப்போது கிளம்பக் கூடாது. அடுத்த 20 நிமிடத்தில்தான் வானத்தின் வெளிச்சமும் நிலத்தின் வெளிச்சமும் ஒன்றுக்கொன்று நெருங்கி வருகின்றன. தெருவிளக்கும் கடை விளக்கும் எரியத் தொடங்கும். செல்போன் கேமராவுக்குக் கையாள எளிதான நேரம் அதுதான்.

இன்னொன்று. நமக்கு மேற்கே மலை இருக்கிறது. காலண்டரில் போட்டிருக்கும் அஸ்தமன நேரத்துக்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

கறுப்பு மண்ணும் வெளுத்த வானமும்

இனி ஒளி வேறுபாடு. நம் கண் பிரகாசமான வானத்தையும் இருண்ட தரையையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டையும் சேர்த்தே நமக்குக் காட்டிவிடும். கேமராவால் அது முடியாது. வானத்துக்கு வெளிச்சத்தைச் சரிசெய்தால் தரை கறுக்கும். தரைக்குச் சரிசெய்தால் வானம் வெளுக்கும்.

இது புதிய சிக்கல் இல்லை. லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி 1856 முதல் 1860 வரை சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். 1858இல் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாவற்றையும் படம் எடுத்தார். அக்காலத்து வேதிப்பொருள்கள் நீல ஒளிக்கு மிகையாக வினைபுரியும். கட்டடம் சரியாகப் பதிவாகும்போது வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் காகித நெகட்டிவின்மீது தூரிகையால் நிறம் தீட்டி வானத்தையும் மேகத்தையும் சேர்த்தார். இன்று செல்போன் இரண்டு மூன்று படங்களை நொடியில் எடுத்து ஒன்றாக்கிச் செய்யும் வேலையை, அவர் கையால் செய்தார்.

நம் நிலத்தில் இந்தச் சிக்கல் கடற்கரையைவிடக் கடினம். மணல் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நல்ல பங்கைத் திருப்பி அனுப்பும். கரிசல் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதனால் காலண்டர்க் கடற்கரைக்குச் சொல்லும் வழி நமக்கு அப்படியே பொருந்தாது. நமக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, தரையில் வெளிச்சத்தைத் திருப்பித் தரும் பொருளைத் தேடுவது. மழைக்குப் பின் கண்மாய்த் தண்ணீர், ஈரத் தார்ச்சாலை, பள்ளத்தில் தேங்கிய நீர், வெள்ளைச் சுவர். ஒரு சாண் அகலத் தண்ணீர் போதும். செல்போனைத் தரைக்கு அருகே கொண்டுபோனால் அதில் வானம் முழுவதும் இறங்கிவிடும்.

இரண்டு, தரை கறுக்கட்டும் என்று ஒத்துக்கொண்டு நிழலுருவமாக எடுப்பது. அப்போது உருவம் தெளிவாக இருக்க வேண்டும். ஒற்றைப் பனை நன்றாக வரும். சீமைக்கருவேலம் புதர் ஒரே திட்டாகிவிடும். அதிலேயே கிளை பிரிந்து வானம் ஊடே தெரியும் மரத்தைத் தேடினால் அழகாக வரும். மனிதர் என்றால் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கை உடம்பை ஒட்டாமல் விலகியிருக்க வேண்டும்.

மூன்று, சூரியன் மறையும் வரை காத்திருப்பது.

செல்போனில் செய்ய வேண்டியது அதிகமில்லை. லென்சைத் துணியால் துடையுங்கள். பிளாஷை அணையுங்கள். சூரியனுக்குப் பக்கத்தில் உள்ள வானத்தைத் திரையில் தொடுங்கள். பல செல்போன்களில் ஒரு சிறிய சூரியக் குறி வரும். அதைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறைந்து நிறம் திரும்பி வரும். நிறச் சமநிலை அமைப்பு இருந்தால் மேகமூட்டம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அந்தியின் மஞ்சளைத் தவறென்று நினைத்துச் செல்போனே திருத்திவிடும். விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டாம். நடந்து அருகே போகலாம்.

கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல

காட்சி அமைப்பு என்றதும் பயப்பட வேண்டாம். கோலம் போடத் தெரிந்த பிள்ளைகளுக்கு அது பாதி தெரியும். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளை இயக்கினால் திரை ஒன்பது கட்டமாகும். வானம் நன்றாக இருக்கும் நாளில் அடிவானத்தைக் கீழ்க்கோட்டில் வையுங்கள். தரை நன்றாக இருக்கும் நாளில் மேல்கோட்டில் வையுங்கள். எது முக்கியம் என்று மாணவர் முடிவு செய்தே ஆக வேண்டும் என்பதுதான் இதன் பயன். முக்கியமான உருவத்தைக் கோடுகள் வெட்டும் இடத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் வைத்தால்தான் நன்றாக இருக்கிறது என்று ஒரு மாணவி காரணத்தோடு சொன்னால், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாதை. வண்டித்தடம், வரப்பு, கண்மாய்க் கரை, மின்கம்ப வரிசை இவையெல்லாம் பார்ப்பவரின் கண்ணைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகும். பிறகு அடுக்கு. அருகே ஒரு சோளக் கதிர், நடுவே ஒரு பனை, தொலைவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்கோடு. மலை ஏன் நீலமாக வெளிறித் தெரிகிறது? இடையில் உள்ள காற்று சிதறடிக்கும் ஒளிதான். மறுபடியும் ராலே வந்துவிட்டார்.

கடைசியாக விலக்கல். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் பிள்ளைகள் அதிகம் யோசிக்கிறார்கள். தாத்தாவின் தலையிலிருந்து மின்கம்பம் முளைத்தது போல இருந்தால் இரண்டடி நகர்ந்தால் போதும். ஆனால் கம்பியையும் பிளாஸ்டிக் குப்பையையும் எப்போதும் ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்வதில்லை. கண்மாயில் மிதக்கும் பிளாஸ்டிக் மீது அந்தி வெளிச்சம் விழுந்த படம் ஒன்றை ஒன்பதாம் வகுப்பு மாணவன் எடுத்து வந்தான். சுற்றுச்சூழல் மன்றத்தில் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம்.

கேட்ட பிறகே எடுக்க வேண்டும்

மாலை என்பது நம் ஊரில் வேலை விட்டு வரும் நேரம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேருந்து நிறுத்தத்தில் தன் அம்மா இறங்கியதும் படம் எடுக்கப் போனாள். “அழுக்கா இருக்கேன், வேண்டாம்டி” என்று அம்மா முகத்தை மூடிக்கொண்டாராம். மறுநாள் அவரே, “சரி, எடுத்துக்கோ, முகம் வேண்டாம்” என்றிருக்கிறார். பக்கவாட்டு வெளிச்சத்தில் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்த முன்கை. தோலில் ஒட்டிய அலுமினியத் தூள் மின்னுகிறது. அவ்வளவுதான் படம். அதை வகுப்பில் ஒட்டலாமா என்று கேட்டேன். “அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன் சார்” என்றாள். மூன்று நாள் கழித்து அனுமதி வந்தது. படத்தின் கீழே என்ன எழுதுவது என்பதையும் அம்மாவே சொல்லி அனுப்பினார்: ‘கழுவினால் போய்விடும்.’

ஒளியும் காட்சி அமைப்பும் இதற்குத்தான். அந்த மாணவி அந்தக் கையைத் தினமும் பார்த்தவள். இப்போதுதான் நின்று பார்த்தாள். கேட்டு எடுப்பதும், வேண்டாம் என்றால் விடுவதும், எங்கே வைக்கலாம் என்று திரும்பக் கேட்பதும் பாடத்தின் பகுதியாகவே இருக்கட்டும்.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பட்டாசு ஆலை, அதன் கிடங்கு, அதன் சுற்றுவேலி எதன் அருகிலும் படம் எடுக்கப் போகக் கூடாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, கண்மாய் மடை, சாலையோரம் ஆகியவற்றில் பின்னோக்கி நடந்து படம் எடுக்கக் கூடாது. சூரியனை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்கக் கூடாது. தொலைநோக்கி வழியாகவோ, கண் வைத்துப் பார்க்கும் பெரிய கேமரா வழியாகவோ ஒருபோதும் கூடாது. இருட்டும் முன் வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். பள்ளி நேரத்துக்குப் பின் நடக்கும் செயல்பாடு என்பதால் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வகுப்பறையில் செய்ய

செல்போன் இல்லாத பிள்ளைகள் பாதிப் பேர் இருப்பார்கள். தொடக்கப் பள்ளியில் செல்போன் தேவையே இல்லை. பழைய காலண்டர் அட்டையில் அஞ்சலட்டை அளவு சன்னல் ஒன்று வெட்டிக் கொடுங்கள். ஒரு கண்ணை மூடி, அதன் வழியே மைதானத்தைப் பார்த்து, தெரிந்ததை வரையட்டும். அதுவும் காட்சி அமைப்புதான்.

ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு: கண்ணாடித் தம்ளர் நீரில் சில சொட்டுப் பால் விட்டு டார்ச் அடியுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் நீலச்சாயல், எதிரிலிருந்து பார்த்தால் ஆரஞ்சுச்சாயல். பகல் வானமும் அந்தி வானமும் ஒரே தம்ளரில்.

ஆண்டு முழுவதும்: பள்ளி மாடியிலிருந்தோ மைதானத்திலிருந்தோ தெரியும் மேற்கு மலை விளிம்பைச் சார்ட்டில் வரையுங்கள். அருகில் வீடுள்ள பிள்ளைகள் மாதம் இருமுறை அதே இடத்தில் நின்று, சூரியன் எந்த இடத்தில் மறைகிறது என்று குறிக்கட்டும். மார்ச், செப்டம்பரில் நேர் மேற்கு. ஜூனில் வடக்கே, டிசம்பரில் தெற்கே. இரு முனைகளுக்கும் இடையே சுமார் 47 பாகை. ‘சூரியன் மேற்கில் மறையும்’ என்ற ஒரு வரி, ஓர் ஆண்டுக் கவனிப்பாக மாறிவிடும்.

தமிழ் வகுப்புக்கு: ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வாக்கியம். எங்கிருந்து எடுத்தேன், எதை விட்டேன், ஏன் விட்டேன். ‘அழகான’ என்ற சொல் வரக் கூடாது என்று ஒரு நிபந்தனை வையுங்கள். பிள்ளைகள் எப்படிச் சொற்களைத் தேடுகிறார்கள் என்று பாருங்கள்.

இவற்றைப் பிப்ரவரி 28ஆம் தேதி, தேசிய அறிவியல் நாளன்று காட்சிக்கு வைக்கலாம். ஒளிச்சிதறலை ஆராய்ந்த ராமனின் நாளுக்கு நம் பிள்ளைகளின் அந்தி வானத்தைவிடப் பொருத்தமான காட்சி எது? பெற்றோரையும் அழையுங்கள். அச்சகத்தில் வேலை செய்யும் ஒரு தந்தை வந்து நிறம் எப்படி அச்சாகிறது என்று பத்து நிமிடம் பேசினால், அன்று அவரும் ஓர் ஆசிரியர்.

உங்கள் ஊர் கரிசலாக இல்லாமல் வயலாகவோ மலையடிவாரமாகவோ, நெருக்கமான நகரத் தெருவாகவோ இருக்கலாம். வெளிச்சம் எதன்மீது விழுகிறது என்ற கேள்வி எல்லா ஊருக்கும் பொது. இந்த வாரத்தில் மழையில்லாத ஒரு மாலையைத் தேர்ந்தெடுத்து, முதலில் நீங்கள் மூன்று படம் எடுத்துப் பாருங்கள். அவற்றை உங்கள் வகுப்பில் காட்டி, எந்த இடம் என்று மட்டும் கேளுங்கள். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.